உடலின் கணக்கைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாதீர்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

உயிர்மருத்துவப் பொறியியல் பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வரும் கல்வியாண்டுக்கான பாடத்திட்ட வரைவு எங்கள் துறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஐந்தாம் செமஸ்டரில் கட்டாயப் பாடமாக இருந்த உடலியக்க மாதிரியாக்கத்தை, அதாவது உடல் இயங்கும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதிக் கணக்கிட்டுப் பார்க்கும் பாடத்தை, அங்கே காணவில்லை. விருப்பப் பாடங்களின் நீண்ட பட்டியலில், கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது. அதோடு இணைந்திருந்த ஆய்வகம் அங்கேயும் இல்லை. காலியான இடத்தில் மருத்துவத் தரவுப் பகுப்பாய்வு என்ற பாடம் வந்திருக்கிறது. மாற்றத்துக்கான காரணத்தை இரண்டே வரிகளில் தந்திருக்கிறீர்கள்: தொழில்துறை இதைத்தான் கேட்கிறது, பழைய பாடத்தை நடத்த ஆசிரியர்களும் மென்பொருள் உரிமங்களும் போதவில்லை.

பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரி ஒன்றில் அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் ஆசிரியர் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த முடிவு தவறு. இதைத் திரும்பப் பெறுங்கள்.

பாடத்தை நீக்கிவிடவில்லையே, விரும்புகிறவர்கள் படிக்கட்டுமே என்று கூட்டத்தில் பேசப்பட்டிருக்கலாம். இணைவுக் கல்லூரிகளில் விருப்பப் பாடத்தை மாணவர் தேர்ந்தெடுப்பதில்லை. எதற்கு ஆசிரியர் கைவசம் இருக்கிறார், எதில் தேர்ச்சி விகிதம் குறையாது என்று பார்த்துத் துறைத்தலைவர் ஒன்றை முடிவு செய்கிறார். வகுப்பு முழுவதும் அதைப் படிக்கிறது. வகைக்கெழுச் சமன்பாடுகள் நிறைந்த ஒரு பாடம் அந்தப் போட்டியில் ஒருநாளும் வெல்லப்போவதில்லை. உங்களில் பலர் துறைத்தலைவர்களாக இருந்தவர்கள். இது உங்களுக்கு நன்றாகவே தெரியும். அடுத்த சில ஆண்டுகளில் ‘எந்தக் கல்லூரியும் எடுக்கவில்லை’ என்ற காரணத்தைக் காட்டி அந்தக் கடைசிப் பக்கத்திலிருந்தும் பாடம் எடுக்கப்பட்டுவிடும்.

இந்தப் பாடம் என்ன கற்றுத்தருகிறது என்பதை, எங்களிடம் படித்துவிட்டு ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் கருவிப் பொறியாளராக வேலை பார்க்கும் மாணவர் ஒருவரின் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். அங்கே நோயாளிகள் கூட்டம் அதிகமானபோது, நாளொன்றுக்கு இன்னொரு ஷிப்ட் சேர்ப்பதற்காக, நான்கு மணி நேர டயாலிசிஸ் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. இயந்திரங்கள் சரியாக ஓடின. எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. பராமரிப்புப் பதிவேட்டில் குறை எதுவும் இல்லை. எங்கள் மாணவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். டயாலிசர் என்ற வடிகட்டி நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் ரத்தத்திலிருந்து யூரியா என்ற கழிவை நீக்குகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்தில் 48 லிட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் இருக்கும் நீர் ஏறத்தாழ 35 லிட்டர். 48-ஐ 35-ஆல் வகுத்தால் 1.37. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஒவ்வொரு முறையும் இந்த எண் 1.2-க்குக் குறையக் கூடாது என்பது சிறுநீரக மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட அளவு. மூன்று மணி நேரத்தில் 36 லிட்டர்தான், வகுத்தால் 1.03. அந்தத் தாளோடு அவர் சிறுநீரக மருத்துவரிடம் போய் நின்றார். நான்கு மணி நேரம் திரும்ப வந்தது.

அந்த விகிதம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1985-இல் ஃபிராங்க் காட்ச், ஜான் சார்ஜென்ட் இருவரும் அமெரிக்காவில் நடந்த தேசிய டயாலிசிஸ் ஆய்வின் தரவுகளை மீண்டும் அலசி முன்வைத்தது. உடல் முழுவதையும் யூரியா கரைந்திருக்கும் ஒரே தொட்டியாக எடுத்துக்கொள்ளும் மிக எளிய மாதிரி அது. அதன் குறை எங்கே என்பதையும் இந்தப் பாடத்தில்தான் சொல்லித்தருகிறோம். டயாலிசிஸ் முடிந்த கையோடு ரத்தம் எடுத்தால் யூரியா மிகக் குறைவாகத் தெரியும். அடுத்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் திசுக்களில் தங்கியிருந்த யூரியா ரத்தத்துக்குத் திரும்பி வந்து அளவு ஏறும். உடலை இரண்டு தொட்டிகளாக எழுதிப் பார்த்த மாணவருக்கு இது புரியும். எழுதிப் பார்க்காதவர் ஆய்வக அறிக்கையில் வரும் எண்ணை அப்படியே நம்புவார்.

இனி, நீங்கள் நீக்கியிருக்கும் ஆய்வகத்துக்கு வருகிறேன். செமஸ்டரின் கடைசிப் பகுதியைச் செயற்கைக் கணையத்துக்கு, அதாவது சர்க்கரையை அளந்து தானாகவே இன்சுலின் செலுத்தும் கருவிக்கு, ஒதுக்குவது என் வழக்கம். ரிச்சர்ட் பெர்க்மனும் உடன் ஆய்வாளர்களும் 1979-இல் வெளியிட்ட குளுக்கோஸ்–இன்சுலின் மாதிரியை மாணவர்களே பைத்தான் என்ற கணினி மொழியில் எழுத வேண்டும். சில சமன்பாடுகள்தான். கணினிக்குள் இருக்கும் அந்த நோயாளி ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிடுவார், சர்க்கரை ஏறும், மாணவர் எழுதிய கட்டுப்பாட்டு நிரல் இன்சுலினைக் கூட்டியும் குறைத்தும் அதை 100-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். முதல் முறை எல்லோருக்கும் அழகாக வந்துவிடும். அதன்பின் இரண்டு தாமதங்களைச் சேர்க்கச் சொல்வேன். உடம்பில் ஒட்டியிருக்கும் சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களைச் சூழ்ந்திருக்கும் திரவத்தை அளக்கிறது, அது ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியிருக்கும். தோலுக்கடியில் செலுத்தும் இன்சுலினோ, விரைவாக வேலை செய்யும் வகையாக இருந்தாலும், உச்ச விளைவைக் காட்ட ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இந்த இரண்டையும் சேர்த்ததும், அழகாக நின்ற கோடு தள்ளாடத் தொடங்கும். போட்ட இன்சுலின் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. நிரலுக்கு அது தெரியாது. சர்க்கரை இறங்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் செலுத்தும், இன்னும் கொஞ்சம் செலுத்தும். சிறிது நேரத்தில் மொத்தமும் ஒன்றாக வேலை செய்ய, கோடு 70-ஐத் தாண்டி இறங்கும், 54-ஐத் தாண்டி இறங்கும். நிஜ மனிதராக இருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, “சார், ஏற்கெனவே போட்ட இன்சுலின் உடம்பில் மிச்சம் இருக்கிறதே, அதைக் கழித்துவிட்டுத்தானே அடுத்ததைப் போட வேண்டும்?” என்று கேட்டாள். அவளுடைய தம்பிக்கு முதல் வகை நீரிழிவு. வீட்டில் ஊசி போடுவதைப் பார்த்து வளர்ந்தவள். சந்தையில் விற்கும் இன்சுலின் பம்புகளுக்குள் இருக்கும் மிக முக்கியமான பாதுகாப்பு விதிகளில் ஒன்றை அவள் தானாகவே கண்டடைந்திருந்தாள். எந்தப் பாடப்புத்தகமும் அதை அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. சமன்பாட்டைத் தன் கையால் எழுதி, அது தவறிப்போவதைத் தன் கண்ணால் பார்த்ததால் வந்த கேள்வி அது. விடையை அன்றே நிரலில் சேர்த்தாள். கோடு நிதானத்துக்கு வந்தது.

புதிய பாடம் இதைத் தருமா? தரவுப் பகுப்பாய்வை நான் எதிர்க்கவில்லை. எங்கள் இறுதியாண்டுச் செயல்திட்டங்களில் ஆண்டுதோறும் அதுவும் இருக்கிறது. அப்படி ஒரு குழு, தொடர்ச்சியாகச் சர்க்கரையை அளக்கும் சென்சார்களின் தரவுகளை வைத்து, அடுத்த ஒரு மணி நேரத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல, தரவிலிருந்து தானே கற்கும் நியூரல் நெட்வொர்க் என்ற நிரலைப் பயிற்றுவித்தது. பிழை மிகக் குறைவு. செயல்திட்டக் கண்காட்சியில் பரிசு வாங்கக்கூடிய அளவு நன்றாக இருந்தது. குழுவில் ஒருவர் உள்ளீட்டில் இன்சுலின் அளவை மட்டும் இரண்டு மடங்காக்கிப் பார்த்தார். நெட்வொர்க் சொன்ன சர்க்கரை இறங்கவில்லை, ஏறியது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது: தரவுகளில் இருந்தவர்கள் சாப்பிடும்போதெல்லாம் இன்சுலின் போட்டுக்கொண்டவர்கள். நிறையச் சாப்பிட்டால் நிறைய இன்சுலின். இன்சுலினும் சர்க்கரையும் சேர்ந்தே ஏறுவதைத்தான் அந்த நெட்வொர்க் பார்த்திருக்கிறது. இன்சுலின் சர்க்கரையை ஏற்றும் என்று கற்றுக்கொண்டுவிட்டது. அதை ஒரு பம்பில் வைத்தால், சர்க்கரை தாழ்ந்து கிடக்கும் நோயாளிக்கு அது இன்சுலினைச் செலுத்தி உயர்த்தப் பார்க்கும். சராசரிப் பிழை என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் வகுப்பில் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. அந்த மாணவர் கண்ணில் பட்டதற்குக் காரணம், முந்தைய ஆண்டில் பெர்க்மன் மாதிரியை எழுதியிருந்ததுதான். எதைக் கூட்டினால் எது குறைய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வரைவு அப்படியே நிறைவேறினால், இனி வரும் மாணவர்களிடம் அந்தச் சந்தேகமே எழாது.

தரவில் நல்லதாகத் தெரிவது உடலுக்குள் கேடாக மாறிய கதை மருத்துவத்தில் பழையது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இடையிடையே தோன்றும் கூடுதல் துடிப்புகள் திடீர் மரணத்தின் அறிகுறி என்று தெரிந்திருந்தது. ஃபிளெக்கெய்னைடு, என்கெய்னைடு என்ற இரு மருந்துகள் அந்தத் துடிப்புகளை நன்றாக அடக்கின. எனவே மரணமும் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவில் அதைச் சோதித்த பெரிய மருத்துவ ஆய்வில், மருந்து எடுத்தவர்களே அதிகம் இறந்தார்கள். 1989-இல் அந்த இரு மருந்துகளையும் கொடுப்பதைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணினி மாதிரியில் ஃபிளெக்கெய்னைடை ஓடவிட்டுப் பார்த்தார்கள். தனியொரு செல்லில் மருந்து நல்ல பிள்ளையாகவே நடந்துகொண்டது. செல்கள் இணைந்த திசுவில், மின் அலை பரவும் வேகத்தைக் குறைத்து, அலை உடைந்து சுழல வழிசெய்தது. செல்லைத் தனியாகப் பார்த்திருந்தால் இது தெரிய வராது. பாகங்களைச் சேர்க்கும்போது என்ன ஆகும் என்று கேட்பதற்குத்தான் பொறியியல் என்று பெயர். உயிரியலுக்கு நாம் கொண்டுபோகும் சீர்வரிசை அது ஒன்றுதான்.

தொழில்துறை கேட்கிறது என்கிறீர்கள். எந்தத் தொழில்துறை? வெர்ஜீனியா, பதுவா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய முதல் வகை நீரிழிவுக்கான சிமுலேட்டரை, செயற்கைக் கணையத்தின் தொடக்கநிலை விலங்குச் சோதனைகளுக்கு மாற்றாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டது 2008-இல். அதில் இருந்த நோயாளிகள் கணினிக்குள் வாழும் 300 பேர். மருத்துவக் கருவிகளில் பயன்படும் கணினி மாதிரிகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை மதிப்பிட, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2018-இல் ஒரு தரநிலையே வெளியிட்டது. 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டம், புதிய மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை மாற்றிக் கணினி மாதிரிகளுக்கும் இடம் கொடுத்தது. நம் நாட்டிலும் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் தொடர்பான விதிகளில் 2023 மார்ச்சில் திருத்தம் வந்து, விலங்கு அல்லாத முறைகளுக்குக் கதவு திறந்துவிட்டது. இந்த வேலைகளைச் செய்யப்போவது யார்? மருந்து செல்லுக்குள் என்ன செய்கிறது, ரத்தம் குழாயில் எப்படி ஓடுகிறது என்பதைச் சமன்பாடாக எழுதத் தெரிந்தவர்கள். கதவு திறந்த நேரத்தில் நம் பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறீர்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி இந்தப் பழைய சமன்பாடுகள் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும், புரதச் சங்கிலியின் எந்தெந்தத் திருப்பங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க முடியும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் தந்தார்கள். எளிய வடிவியல், அணுக்களின் ஆரம், பொறுமை. அவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது. புரத வடிவங்களை ஊகித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரலை உருவாக்கியவர்களுக்கு 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒரு புரத வடிவம் நம்பத்தக்கதா என்று பார்ப்பவர்கள், அது சோதனையில் கிடைத்ததானாலும் கணினி ஊகித்ததானாலும், இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இந்த ஊரில் பிறந்த அறிவை இந்த மாநிலத்து மாணவனுக்கு நாளடைவில் விருப்பப் பாடமாகக்கூடக் கிடைக்காதபடி செய்வது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

மென்பொருள் உரிமம் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நரம்புச் செல்லில் மின் துடிப்பு எப்படி உண்டாகிறது என்பதை விளக்கிய ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுகள் 1952-இல் வெளிவந்தன. அவற்றைக் கணக்கிட வேண்டியிருந்த நேரத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி மாற்றியமைக்கப்பட்டுக்கொண்டிருந்ததால், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கிடும் இயந்திரத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைத் தீர்த்தார். இன்று ஒரு மாணவரின் கைப்பேசி அதே கணக்கை நொடியில் முடிக்கும். பைத்தான், ஆக்டேவ், சைலேப் எல்லாம் இலவசம். எங்கள் ஆய்வகம் பழைய கணினிகளில், ஒரு ரூபாய் உரிமக் கட்டணம் இல்லாமல்தான் ஓடுகிறது. விலையுயர்ந்த ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் பெயரை ஆய்வகக் கையேட்டில் எழுதிவைத்தது பல்கலைக்கழகம். அந்த ஒரு வரியை மாற்றினால் முடிந்துபோகும் விஷயத்துக்குப் பாடத்தையே கட்டாயப் பட்டியலிலிருந்து நீக்குவது நியாயமா?

ஆசிரியர் பற்றாக்குறை மட்டும் உண்மை. மின்னணுவியல் படித்து வந்த ஆசிரியருக்கு உடலியங்கியல் தயக்கம் தருகிறது. உயிரியல் படித்து வந்தவருக்கு வகைக்கெழுச் சமன்பாடு தயக்கம் தருகிறது. ஆனால் இந்தப் பாடத்துக்கென்று ஆசிரியர் பயிற்சி எதையும் பல்கலைக்கழகம் நடத்தி நான் பார்த்ததில்லை. பல்கலைக்கழகத் தேர்வு வினாத்தாளும் ஆசிரியர்களைக் கைவிட்டது. ‘மாதிரியாக்கத்தின் பயன்களை விவரி’ என்று பெரிய மதிப்பெண் வினா கேட்டால், எந்த ஆசிரியர் வகுப்பில் சமன்பாட்டை எழுதவைப்பார்? குறிப்பு எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார். பாடம் பல கல்லூரிகளில் செத்துப்போனது இப்படித்தான். சிகிச்சை தர வேண்டிய இடத்தில் பெயரையே நீக்குகிறீர்கள்.

எனவே, உங்களிடம் நான் கேட்பவை இவை.

உடலியக்க மாதிரியாக்கத்தை ஐந்தாம் அல்லது ஆறாம் செமஸ்டரில் கட்டாயப் பாடமாக, ஆய்வகத்தோடு சேர்த்து மீண்டும் கொண்டுவாருங்கள். தரவுப் பகுப்பாய்வு அதற்கு அடுத்த செமஸ்டரில் இருக்கட்டும். மாதிரியை எழுதிப் பழகிய மாணவர் அதை இன்னும் நன்றாகப் படிப்பார். இடம் போதாது என்றால், இரண்டையும் ஒரே பாடமாக்கி, பாதிக்குக் குறையாமல் மாதிரியாக்கத்துக்குக் கொடுங்கள்.

ஆய்வகக் கையேட்டிலிருந்து வணிக மென்பொருளின் பெயரை எடுத்துவிட்டு, இலவச மென்பொருள் எதையும் பயன்படுத்தலாம் என்று எழுதுங்கள்.

வினாத்தாளில் பாதி மதிப்பெண்ணையாவது கணக்குக்கும், தரப்பட்ட மாதிரியில் என்ன குறை என்று கண்டுபிடிக்கும் வினாக்களுக்கும் ஒதுக்குங்கள். தேர்ச்சி விகிதம் முதல் ஓராண்டு குறையலாம். அதைக் காட்டிக் கல்லூரிகளைக் கண்டிக்க மாட்டோம் என்ற உறுதியையும் எழுத்தில் கொடுங்கள்.

கோடை விடுமுறையில் இணைவுக் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் உடலியங்கியல் துறைகளையும் டயாலிசிஸ், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்க்கும் மருத்துவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடம் நடத்த நானும், இதே பாடத்தை எடுக்கும் வேறு சில ஆசிரியர்களும் ஊதியம் வாங்காமல் வரத் தயாராக இருக்கிறோம். எங்கள் ஆய்வகப் பயிற்சிகள், நிரல்கள் அனைத்தையும் பல்கலைக்கழகத்துக்கே தந்துவிடுகிறோம்.

கடைசியாக, பாடத்தைக் கட்டாயப் பட்டியலிலிருந்து நீக்க முடிவெடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வெளியிடுங்கள். ‘தொழில்துறை’ என்று குறிப்பிடப்பட்டவர்கள் யார், அவர்கள் என்ன கேட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். வரைவு அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தின் ஒப்புதலுக்குப் போவதற்கு முன் இந்த மடலுக்கு எழுத்து மூலம் பதில் தாருங்கள். அதுவரை வரைவின் இந்தப் பகுதியை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
இணைவுக் கல்லூரியின் உயிர்மருத்துவப் பொறியியல் ஆசிரியர்